வேக விதைப்புக் கருவி: தட்டா, கொழுவா, பெல்ட்டா?

விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது வேகம்தான். மணிக்கு 15, 16, சில கருவிகளில் 20 கிலோமீட்டர் வரை. அந்த எண்ணை நம்பி முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

6 மீட்டர் அகலக் கருவி மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் நிற்காமல் ஓடினால் மணிக்கு 4.8 ஹெக்டேர் விதைக்கும். அகலத்தை வேகத்தால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் இந்த எண் வந்துவிடும். ஆனால் ஓரத்தில் திரும்ப வேண்டும், விதை நிரப்ப வேண்டும், அடைப்பு எடுக்க வேண்டும். இவற்றில் நேரம் 30 சதவீதம் போனால் கைக்கு நிற்பது 3.4 ஹெக்டேர். இப்போது வேகத்தை 14 ஆக்குவோம். ஹெக்டேருக்கு 12.5 நிமிடமாக இருந்த ஓட்ட நேரம் 7 நிமிடச் சொச்சமாகும். திரும்பவும் நிரப்பவும் ஆகிற 5 நிமிடச் சொச்சம் மட்டும் அப்படியே நிற்கும். கூட்டிப் பார்த்தால் மணிக்கு 4.8 ஹெக்டேர். அதாவது வேகம் 75 சதவீதம் கூடியது. வேலை 43 சதவீதம்தான் கூடியது.

அதுவும் சின்ன லாபமில்லை. 600 ஹெக்டேர் பண்ணையில், நாளுக்கு 12 மணி நேரம் ஓட்டினால், பதினைந்து நாள் விதைப்பு பத்தரை நாளில் முடியும். மண் பதமாக இருக்கிற நாட்களுக்குள் கடைசி வயலையும் முடித்துவிடலாம் என்றால் அந்த நாலரை நாளுக்கு நல்ல விலை கொடுக்கலாம். ஆனால் அந்த வேகத்திலும் விதை ஒரே ஆழத்தில் விழ வேண்டும். மூன்று வகைக் கருவிகளும் பிரிவது இந்த இடத்தில்தான்.

முதலில், உருளும் வட்டத் தட்டுகளால் சால் திறந்து விதைக்கும் தட்டு வகை. வேடர்ஸ்டாட் ராப்பிட், ஹார்ஷ் புரொன்டோ இரண்டும் இதில் பலருக்கும் தெரிந்த பெயர்கள். கட்டி உடைப்பது, சமப்படுத்துவது, விதைப்பது, அழுத்துவது எல்லாம் ஒரே ஓட்டத்தில் நடக்கும். ராப்பிட்டில் வரிசை இடைவெளி 12.5 செ.மீ., புரொன்டோவில் 15. தட்டு உருண்டு போகும், கொழு கிழித்துக்கொண்டு போகும். வித்தியாசம் அவ்வளவுதான் என்றாலும் எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. உருளும் பொருள் மண்ணை அதிகம் வாரி இறைக்காது. அதனால் மணிக்கு 12, 14 கி.மீ. போனாலும் பக்கத்துச் சால் மூடிப்போவதில்லை. கோதுமை, பார்லி விதைக்கும் பண்ணையில், உழுது பதப்படுத்திய மண்ணில், வேகம் என்ற ஒன்றுக்காக வாங்குவதானால் நான் தட்டையே சொல்வேன்.

ஆனால் அறுவடைத் தாள், அதாவது வைக்கோல், கனமாகக் கிடக்கிற வயலில் கதை மாறும். காலை ஈரத்தில் ஊறிய வைக்கோல் தட்டுக்கு வெட்டுப்படாது. தட்டு அதை மடக்கிச் சாலுக்குள் திணித்துவிடும். விரலால் சாலைப் பிரித்துப் பாருங்கள்: கொண்டை ஊசி போல மடிந்த வைக்கோலும் அதன் நடுவில் மண்ணே படாத விதையும் கிடக்கும். அந்த விதைக்கு ஈரம் கிடைக்காது. முளைத்தாலும் வாரம் பிந்தும். வெயில் ஏறி வைக்கோல் மொறமொறவென்று ஆன பிறகு ஓட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி அறுவடை இயந்திரத்தில் இருக்கிறது. வைக்கோலைப் பொடியாக நறுக்கி, வெட்டின அகலம் முழுக்கப் பரப்பாமல் விட்டிருந்தால், எந்த விதைப்புக் கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

தட்டின் தேய்மானத்தையும் கவனிக்க வேண்டும். இரட்டைத் தட்டு என்றால் இரண்டும் கீழே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். முன்னாலிருந்து ஒரு அட்டை, பின்னாலிருந்து ஒரு அட்டை செருகிப் பாருங்கள். நடுவில் நான்கைந்து சென்டிமீட்டர் தூரம் அட்டை நுழையாமல் தட்டுகள் ஒட்டி நின்றால் சரி. இரண்டு அட்டையும் முட்டிக்கொண்டால் சாலின் அடியில் மேடு விழும், விதை அதன் மேல் உட்காரும். பழைய கருவி வாங்குகிறவர்கள் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்கலாம்.

அடுத்தது கொழு வகை. போர்கோ, சீட் ஹாக் போன்ற கனடாக் கருவிகள் இதற்கு எடுத்துக்காட்டு. தட்டு வகையில் பேர்பெற்ற வேடர்ஸ்டாட் நிறுவனமே சீட் ஹாக்கையும் வாங்கித் தன்னிடம் வைத்திருக்கிறது. இரண்டுக்கும் வயலில் இடம் உண்டு என்பதற்கு அது ஒன்றே போதும். கொழு வைக்கோலை ஒதுக்கிவிட்டு மண்ணுக்குள் போகும். மேல்மண் காய்ந்து கிடந்தால் அதை விலக்கி ஈரத்தில் விதையை வைக்கும். விதை ஒரு பக்கம், உரம் சற்றுத் தள்ளி இன்னும் ஆழத்தில் என்று பிரித்துப் போடவும் இதில் வசதி. உரச்சூட்டில் முளை கருகுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வேகம்தான் இதன் பலவீனம். மணிக்கு 8 கி.மீ. வரை ஒழுங்காக ஓடும். அதைத் தாண்டினால் பின்வரிசைக் கொழு எறிகிற மண் முன்வரிசைச் சாலின் மேல் விழும். 3 செ.மீ. ஆழத்தில் வைத்த விதை 6 செ.மீ. ஆழத்துக்குப் போய்விடும். குட்டைக் கோதுமை ரகங்கள் பலவற்றுக்கு முளையுறை (தளிரை மூடி மண்ணைத் துளைத்து வரும் உறை) குட்டை; அந்த ஆழத்திலிருந்து மேலே வரத் திணறும். டிரைஃப்ளூராலின் போன்ற களைக்கொல்லியை விதைப்போடு சேர்த்து மண்ணில் கலக்கும் பண்ணைகளில் ஆபத்து இரட்டிப்பு. கொழு அளவான வேகத்தில் போனால் மருந்து பட்ட மண்ணைச் சாலுக்கு வெளியே தள்ளிப் பயிரைக் காக்கும். வேகம் மிஞ்சினால் அதே மண்ணைப் பக்கத்துச் சாலில் கொண்டுபோய்க் கொட்டும்.

மூன்றாவது, பெல்ட் அல்லது காற்றழுத்தத்தில் விதையை ஒவ்வொன்றாக இறக்கும் துல்லிய நடவுக் கருவி. மக்காச்சோளம், சூரியகாந்தி, சோயா போன்ற பயிர்களை விதைப்பவர்களுக்கு மட்டும் இது. கோதுமை மட்டும் போடுகிற பண்ணை இதற்குச் செலவழிக்க வேண்டாம். 75 செ.மீ. வரிசையில் ஹெக்டேருக்கு 80,000 மக்காச்சோள விதை என்றால் விதைக்கு விதை ஏறத்தாழ 16.7 செ.மீ. மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு வரிசையும் நொடிக்கு 27 விதை போட வேண்டும். சாதாரணக் குழாயில் விதை தானாக விழும்போது குழாய்ச் சுவரில் தட்டித் தடுமாறும், சாலில் விழுந்து உருளும். இதற்கு ஜான் டியர் 2014-இல் கொண்டுவந்த எக்ஸாக்ட்எமெர்ஜ் தூரிகைப் பெல்ட்டில் விதையைப் பிடித்துத் தரைவரை கொண்டுபோய் விடுகிறது. பிரிசிஷன் பிளான்டிங்கின் ஸ்பீட்டியூப்பும் பெல்ட் வழிதான். வேடர்ஸ்டாட் டெம்போ காற்றழுத்தத்தால் விதையைச் சுட்டு அனுப்ப, சாலில் ஒரு சக்கரம் அதைப் பிடித்து நிறுத்துகிறது. 2017-இல் ஹங்கேரியில் 16 வரிசை டெம்போ ஒன்று 24 மணி நேரத்தில் 500 ஹெக்டேருக்கு மேல் மக்காச்சோளம் விதைத்தது. அது சாதனைக்காக ஏற்பாடு செய்த நாள். உங்கள் வயலில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

அப்புறம், பலர் யோசிக்காத ஒரு வழி: வேகத்தை விட்டுவிட்டு அகலத்தைக் கூட்டுவது. 9 மீட்டர் கொழுக் கருவியை மணிக்கு 8 கி.மீ.யில் ஓட்டினால், மேலே போட்ட கணக்கிலேயே மணிக்குச் சுமார் 4.4 ஹெக்டேர் வரும். அகலம் கூடியதால் திருப்பங்களும் குறையும். ஆக 6 மீட்டர் வேகக் கருவிக்குக் கிட்டத்தட்ட சமம். பெரிய, நீளமான வயல்கள் இருந்தால் இது நல்ல வழி. குறுகலான பாதையும் துண்டு துண்டான வயலும் இருந்தால் சிறிய அகலமும் வேகமுமே உதவும்.

நிரப்பும் நேரத்தையும் மறக்கக் கூடாது. ஹெக்டேருக்கு 180 கிலோ கோதுமை, தொட்டியில் 3,000 கிலோ என்றால் 16 ஹெக்டேருக்கு ஒருமுறை நிற்க வேண்டும். அதே தொட்டியில் பாதி உரம் என்றால் 8 ஹெக்டேருக்கு ஒருமுறை. விதை வண்டி வயல் ஓரத்தில் தயாராக நிற்காவிட்டால், வேகத்தால் மிச்சமான நேரம் அங்கேயே கரைந்துவிடும்.

ஒரு செயல்விளக்கத்தில் கருவியை 16 கி.மீ. வேகத்தில் ஓட்டிக் காட்டினார்கள். மேசை போல மட்டமான வயல். மேலிருந்து பார்த்தபோது விதைப்பு கோடு போட்டதுபோல அழகாக இருந்தது. நான் பின்னால் போய் மண்டியிட்டுக் கத்தியால் கிளறினேன். ஒரு வரிசையில் விதை 4 செ.மீ. ஆழத்தில் இருந்தது. அடுத்த வரிசையில் ஒன்றரை. டிராக்டர் சக்கரம் போன தடத்தில் இரண்டு விதை மண்ணுக்கு மேலேயே கிடந்தன. கருவியின் விதைக்கும் கைகள் துள்ளாதபடி அழுத்தத்தைக் கூட்டியிருக்க வேண்டும். யாரும் இறங்கிப் பார்க்கவில்லை.

அதனால் செயல்விளக்கம் கேட்கும்போது உங்கள் மோசமான வயலைக் காட்டுங்கள்: கட்டி நிறைந்த மேடு, தாள் கனத்த மூலை. ஒரே கருவியை 8, 11, 14 கி.மீ. வேகங்களில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று பட்டையாக ஓட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் பத்து இடம் தோண்டி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முளை வரத் தொடங்கியதும் தினமும் போய், அன்று எழுந்த செடிகளுக்குப் பக்கத்தில் அந்த நாளுக்குரிய நிறக் குச்சியை நடுங்கள். 14 கி.மீ. பட்டையில் ஒன்றிரண்டு நிறத்தோடு முடிந்தால் அந்தக் கருவியை வாங்குங்கள். நாலைந்து நிறம் கலந்து நின்றால், அந்த மண்ணில் அதை 11-க்கு மேல் ஓட்ட முடியாது என்று வைத்துக்கொண்டு கணக்கை மறுபடி போடுங்கள்.