'வெள்ளை முயல்' வாழ்ந்த தெருவில்: லண்டன் உளவாளி நடைச் சுற்றுலா

லண்டன் புளூம்ஸ்பரி பகுதியில் இரண்டாம் உலகப்போர்க் கால உளவாளிகளின் தடங்களைக் காட்டும் இரண்டு மணி நேர நடைச் சுற்றுலா ஒன்றில் அண்மையில் கலந்துகொண்டேன். கில்ஃபோர்ட் தெருவின் குயின் கோர்ட் கட்டடத்தில், பிரிட்டிஷ் உளவாளியான விங் கமாண்டர் யோ-தாமஸ் வாழ்ந்ததைக் குறித்து 2010-இல் பதிக்கப்பட்ட நீல வட்டப் பலகையின் முன் நடை தொடங்கியது. 'வெள்ளை முயல்' என்ற சங்கேதப் பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

வழிகாட்டி கதை சொல்வதில் வல்லவர்தான். ஆனால் 1943 பிப்ரவரியில் யோ-தாமஸ் பிரான்சில் பாராசூட்டில் குதித்ததிலிருந்து கதையைத் தொடங்கியதே என் முதன்மையான குறை. போருக்கு முன் பாரிஸின் பெயர்பெற்ற ஆடை நிறுவனம் ஒன்றில் நிர்வாகியாக இருந்து, பிறகு விமானப்படை அதிகாரியாகி, 1942-இல் எஸ்.ஓ.இ. என்ற பிரிட்டனின் இரகசியப் போர் அமைப்புக்கு வந்தவர் அவர். பிரெஞ்சுக்காரராகவே நடமாடவும், ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய, ஒன்றையொன்று நம்பாத பிரெஞ்சு எதிர்ப்புக் குழுக்களோடு பேசவும் அவரால் முடிந்ததற்கு அந்தப் பழைய வாழ்க்கையே அடித்தளம். 1944 பிப்ரவரியில் சர்ச்சிலை நேரில் சந்தித்து, எதிர்ப்புப் படையினருக்கு ஆயுதம் இறக்கக் கூடுதல் விமானங்கள் வேண்டுமென்று வாதாடியதும் ஒற்றை வரியில் முடிந்துவிட்டது. அவருடைய பணிகளில் துப்பாக்கிக்கு வேலையே இல்லாத இந்தச் சந்திப்பைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன்.

கைதான பகுதியை வழிகாட்டி மிக நன்றாகச் சொன்னார். பிடிபட்ட தோழரும் பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத் தலைவர்களில் ஒருவருமான பிரோசொலெத்தை மீட்கப் போன யோ-தாமஸ், 1944 மார்ச் 21 அன்று பாரிஸின் பாசி மெட்ரோ நிலையத்தில் நாஜி இரகசியக் காவல்துறையான கெஸ்டபோவிடம் சிக்கினார். மறுநாளே பிரோசொலெத், சித்திரவதைக்குப் பின் பாரிஸின் அவென்யூ ஃபோஷ் சாலையில் இருந்த ஜெர்மன் விசாரணைக் கட்டடத்தின் சன்னலிலிருந்து குதித்து உயிர்விட்டார். இதைக் கேட்டபின் குழுவில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பின்னர் அடைக்கப்பட்ட புக்கன்வால்ட் நாஜி வதைமுகாமில் டைபஸ் காய்ச்சலால் இறந்த ஒரு கைதியின் அடையாளத்தை ஏற்று யோ-தாமஸ் தப்பியதையும் வழிகாட்டி விவரித்தார். அதற்குத் துணைநின்ற சக கைதி ஓய்கன் கோகோனின் பெயரை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்.

கோர்டன் சதுக்கத்தில், எஸ்.ஓ.இ.யின் இன்னொரு உளவாளியான நூர் இனாயத் கான் சிலைக்குக் கிடைத்தவை ஐந்தே நிமிடங்கள். அவர் திப்பு சுல்தான் வழிவந்தவர் என்பதை இருமுறை சொன்ன வழிகாட்டி, நூரும் விமானப்படையின் மகளிர் துணைப்பிரிவில் அதிகாரியாக இருந்து களத்துக்குப் போனவர் என்பதையோ, யோ-தாமஸுக்கு 1946-இல் கிடைத்த அதே ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டனின் உயரிய வீர விருது இறந்தபின் 1949-இல் அவருக்கும் வழங்கப்பட்டதையோ சொல்லவில்லை.

ஒலிக்கருவி தரப்படாததால், வாகன இரைச்சலில் பின்வரிசையில் நிற்பவர்களுக்குப் பாதி கேட்காது; போகிறவர்கள் முன்னால் நின்றுகொள்ளுங்கள். ஐந்துக்கு மூன்று மதிப்பெண்.