டிசெக்‌ஷன் டேபிளா, மொபைல் திரையா? முதல் வருட அனாட்டமியும் பயோகெமிஸ்ட்ரியும்

சென்னையில் எம்பிபிஎஸ் சேரும் ஜூனியர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது இது: "அண்ணா, உடலை வெட்டிப் படிக்கற டிசெக்‌ஷன் ஹால்ல கால் கடுக்க நிக்கற நேரத்துல ரூம்ல வீடியோ பார்த்தா சீக்கிரம் முடிஞ்சிடுமே?"

முதல் இரண்டு மாதம் நானும் அப்படித்தான் படித்தேன். வீடியோவில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். கெடாமல் காக்கும் ஃபார்மலினில் ஊறிய உடலில் எல்லாமே ஒரே பழுப்பு. கொடி குத்திய பாகத்தை அடையாளம் சொல்லும் ஸ்பாட்டர் தேர்வு முதல்முறை வந்தபோது, கொடி குத்தியிருந்த நரம்பைத் தமனி என்று எழுதிவிட்டு வந்தேன். பாடம் தெரியாமல் இல்லை. அன்றுவரை அதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. தமனியை விரலிடுக்கில் உருட்டினால் தடித்த சுவரும் உள்ளே குழாயும் தெரியும். சிரை தட்டையாக நசுங்கிக் கிடக்கும். நரம்பு சணல் கயிறு போல உள்ளே கெட்டியாக இருக்கும். இந்த வித்தியாசத்தைத் திரை சொல்லித் தராது.

கைக்குப் போகும் நரம்புகளின் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ரூட், மூன்று டிரங்க், ஆறு டிவிஷன், மூன்று கார்ட் என்று வீடியோ பார்த்தே ஒப்பித்துவிடலாம். அக்குளைத் திறந்தால் அது ஒரு நூல்கண்டு. அக்குளில் ஓடும் அக்ஸிலரி தமனியின் மூன்றாம் பகுதிக்கு முன்னால் ஆங்கில 'எம்' எழுத்து போல நரம்புகள் சேர்வதைத் தேடுங்கள். நடுவில் மீடியன், ஒரு பக்கம் மஸ்குலோகியூட்டேனியஸ், மறுபக்கம் அல்நார். அந்த 'எம்' கிடைத்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். இன்னொன்று, வீடியோவில் இருப்பது ஒரே உடல். ஹாலில் பக்கத்து டேபிளுக்குப் போனால் அதே நரம்பு வேறு மாதிரி பிரிந்திருக்கலாம். பிற்காலத்தில் நோயாளியின் உடலும் அப்படித்தான் இருக்கும்.

ஹாலிலும் குறை உண்டு. கூட்டமான டேபிளில் பின்வரிசையில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதற்காக ரூமுக்குப் போய்விட வேண்டாம். நாளை எதை வெட்டப் போகிறார்கள் என்று முந்தின இரவு இருபது நிமிடம் படியுங்கள். வகுப்பு முடிந்து கூட்டம் கலைந்ததும் டியூட்டரிடம் கேட்டு இன்னும் பத்து நிமிடம் நின்று பாருங்கள். தன் உடலையே நமக்குப் பாடமாகக் கொடுத்துவிட்டுப் போனவர் அங்கே படுத்திருக்கிறார். அவரைத் தாண்டி மொபைலைப் பார்க்க எனக்கு இப்போதும் மனசு வராது.

கரு வளர்ச்சியைச் சொல்லும் எம்ப்ரியாலஜிக்கு மட்டும் வீடியோதான். குடல் 270 டிகிரி சுழன்று வயிற்றுக்குள் அமர்வதை எந்த டேபிளும் காட்டாது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்கள் அந்த நேரத்தை இதற்கு வைத்துக்கொள்ளலாம்.

பயோகெமிஸ்ட்ரியில் போட்டி வேறு இரண்டுக்கு நடுவில். உடலில் படிப்படியாக நடக்கும் வேதிமாற்றங்களின் வரிசையான பாத்வேயை அப்படியே மனப்பாடம் செய்வதா, நோயிலிருந்து தொடங்குவதா?

குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் கிளைகாலிசிஸின் பத்துப் படிகளையும் வெறுமனே உருப்போட்டால் இரண்டு வாரத்தில் மறந்துவிடும். நோயிலிருந்து வந்தால் நிற்கும். பிறவியிலேயே வரும் வான் கியர்கே நோயில் குளுக்கோஸ்-6-பாஸ்ஃபடேஸ் என்ற ஒரே என்சைம் வேலை செய்வதில்லை. கல்லீரலால் சர்க்கரையை ரத்தத்துக்கு விட முடியாது. அதனால் சர்க்கரை குறைகிறது. தேங்கியது கிளைகாலிசிஸ் பக்கம் திரும்புவதால் லாக்டேட் ஏறுகிறது. கொழுப்பும் யூரிக் அமிலமும்கூட ஏறுகின்றன. ஒரு குழந்தையின் ரத்த ரிப்போர்ட்டுக்குள் நான்கு அத்தியாயம்! ஏன் இந்த நான்கும் என்று கேட்டுக்கொண்டே படித்த அந்த இரவுதான் பயோகெமிஸ்ட்ரி எனக்குப் பிடித்துப்போனது.

ஆனால் நோய்க்கதை மட்டும் தெரிந்தால் தேர்வில் போதாது. "கிளைகாலிசிஸை ஆற்றல் கணக்குடன் விவரி" என்று கேட்டால் பத்துப் படியும் வந்தாக வேண்டும். அதனால் நோயில் தொடங்கி வெள்ளைத் தாளில் முடியுங்கள். முதல் நாள் திரும்பி வர முடியாத மூன்று படிகளை மட்டும், அவற்றின் என்சைம்களோடு வரையுங்கள்: ஹெக்ஸோகைனேஸ், பாஸ்ஃபோஃப்ரக்டோகைனேஸ், பைருவேட் கைனேஸ். அப்புறம் நடுவில் இருப்பதை நிரப்புங்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதினால் அது வெறும் கையெழுத்துப் பயிற்சி. மூடி வைத்துவிட்டு வரையுங்கள். ஒரு தாளுக்குப் பத்து நிமிடம் போதும். எங்கே பேனா நிற்கிறதோ அங்கேதான் அன்றைய பாடம்.

லேபைச் சும்மா ரெக்கார்டுக்காக என்று தள்ளிவிடாதீர்கள். சென்ட்ரல் எதிரே உள்ள மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த உயிர்வேதியியலாளர் எல்லாப்ரகட சுப்பாராவ், சக ஆய்வாளர் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1925-ல் பாஸ்பரஸ் அளவிடும் முறையை வெளியிட்டார். சோதனைக் குழாயில் நீல நிறம் வரும் அந்த முறை இன்றும் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. 1927-ல் அந்த இருவரும்தான் தசையில் பாஸ்ஃபோகிரியாட்டின் இருப்பதைச் சொன்னார்கள். காலையில் ஹாலில் நீங்கள் விலக்கிப் பார்க்கும் பைசெப்ஸ் உயிரோடு சுருங்கியபோது, அதன் முதல் சில நொடிகளுக்கு செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியை நிரப்பிக் கொடுத்தது அந்தப் பாஸ்ஃபோகிரியாட்டின்தான்.