எக்ஸாஸ்ட் பிரேக்குடன் எட்டு ஆண்டுகள்: மலை இறக்கத்தில் ஒரு டீசல் பிக்கப்

கொலராடோவில் டென்வர் நகரை ஒட்டிய புறநகரில் வசிக்கிறேன். 2014ஆம் ஆண்டு மாடல் ராம் 2500 பிக்கப்பை, 62,000 மைல் ஓடிய நிலையில் வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அதில் இருப்பது 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின். கோடையில் மாதம் இருமுறையாவது 8,500 பவுண்டு எடையுள்ள டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலை ஏறி இறங்குகிறேன். இந்த வண்டியில் எதை அதிகம் நம்பியிருக்கிறாய் என்று கேட்டால், ஏற்றும் வலுவை அல்ல, இறக்கத்தில் எஞ்சினைக் கொண்டே வண்டியின் வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைத்தான் சொல்வேன்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் முந்தைய வண்டியில் பட்ட பாடு. அதில் இந்த வசதி கிடையாது. 11,158 அடி உயரத்தில் உள்ள ஐசனாவர் சுரங்கப்பாதையிலிருந்து சில்வர்தார்ன் ஊருக்கு இறங்கும்போது, கியரைக் குறைக்காமல் கால் பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே வந்தேன். பாதி வழியில் கருகல் நாற்றம் வந்தது. பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. ஓரங்கட்டிவிட்டு முக்கால் மணி நேரம் சக்கரங்கள் ஆறும்வரை நின்றேன். தவறு முழுக்க என்னுடையது.

பின்னர் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியும் டிரெய்லருமாக 7 டன் எடை, எட்டு மைல் தூரத்தில் ஏறத்தாழ 2,100 அடி கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஒரு லிட்டர் டீசலை எரித்தால் கிடைக்கும் வெப்பத்தைவிடச் சற்று அதிகம். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயர்களும் விழுங்கிவிடும். எஞ்சியது முழுவதும், வேறு வழி இல்லையென்றால், சக்கரங்களோடு சுழலும் சில பிரேக் தட்டுகளுக்குள்தான் (ரோட்டார்) போயாக வேண்டும். அந்தச் சாலையில் பிரேக் செயலிழந்த லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சரளைக்கல் பாதைகள் போட்டு வைத்திருப்பதில் வியப்பில்லை.

டீசல் எஞ்சின் தானாக ஏன் வண்டியைப் பிடிப்பதில்லை என்பது பலருக்கும் புதிராக இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் காற்று வரும் வழி அடைபடுவதால், பிஸ்டன்கள் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க நேர்கிறது. டீசலில் வலுவைத் தீர்மானிப்பது எரிபொருளின் அளவுதான். காற்று தடையின்றி உள்ளே வருகிறது. அது அழுத்தப்படும்போது கொஞ்சம் தடுத்தாலும், அடுத்த கணமே சுருள்வில் போலப் பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடுகிறது.

எக்ஸாஸ்ட் பிரேக் வேறு இடத்தில் கை வைக்கிறது. புகை வெளியேறும் பாதையையே அது குறுக்கிவிடுகிறது. பழைய வண்டிகளிலும் நம் ஊர் லாரிகள் பலவற்றிலும் இதற்குக் குழாய்க்குள் திரும்பி நிற்கும் ஒரு தட்டு வால்வு இருக்கும். 2007ஆம் ஆண்டின் நடுவில் வந்த 6.7 லிட்டர் எஞ்சினில் தனி வால்வு கிடையாது. வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்குள், முன்னும் பின்னும் நகரும் ஒரு வளையமே அதன் சுழலிக்கு (டர்பைன்) புகை செல்லும் இடைவெளியை ஏறக்குறைய மூடிவிடுகிறது. வெளியேற முடியாத காற்று பின்னால் அழுத்தம் கொடுக்க, ஒவ்வொரு பிஸ்டனும் அதை எதிர்த்து மேலேற வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கான சக்தி சக்கரங்களிலிருந்து வருவதால் வண்டி வேகம் குறைகிறது.

பெரிய லாரிகளில் படபடவென்று வெடிக்கும் ஜேக் பிரேக் இதுவன்று. அதில் அழுத்தப்பட்ட காற்றை, திருப்பித் தள்ளும் முன்பே வால்வைத் திறந்து வெளியேற்றிவிடுவார்கள். 1931இல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் பிரேக் தளர்ந்து, ரயில் ஒன்றில் மோதாமல் மயிரிழையில் தப்பிய, கம்மின்ஸ் எஞ்சின் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ்தான் பின்னாளில் அதை உருவாக்கினார். என் வண்டியில் கேட்பது மெல்லிய சீறல் மட்டுமே.

எக்ஸாஸ்ட் பிரேக் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் மஞ்சள் விளக்கு, முழு விசை. மீண்டும் அழுத்தினால் பச்சை, அதாவது இறக்கத்தில் வேகத்தைத் தானாக நிலைநிறுத்தும் முறை. டிரெய்லர் இருக்கும்போது இழுவை முறையுடன் (சுமை இழுக்கும்போது கியர் மாறும் விதத்தை மாற்றும் அமைப்பு) மஞ்சளையும், வெறும் வண்டிக்குப் பச்சையையும் பயன்படுத்துகிறேன். ஆனால் பொத்தானை மட்டும் நம்புகிறவர் ஏமாந்துபோவார். எஞ்சின் சுற்று குறைந்தால் பிடியும் குறைந்துவிடும். நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்குக் கீழே இருப்பதே தெரியாது. மூன்றாம் கியரில் 45 மைல் வேகத்தில், 2,300 சுற்றில் அது டிரெய்லரோடு சேர்த்து வண்டியைப் பிடித்து நிறுத்துவது முதுகில் தெரியும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று கொல்லிமலையின் எழுபது கொண்டைஊசி வளைவுகளில் லாரி ஓட்டுகிறவர்கள் சொல்வதை இங்கே வந்துதான் புரிந்துகொண்டேன். சுரங்கத்தை விட்டு வெளியே வரும் முன்பே வேகத்தைக் குறைத்துக் கியரைப் பிடித்துவிட வேண்டும். வேகம் ஏறிய பிறகு கேட்டால் அது பாதி வேலைதான் செய்யும்.

பனியில் இதை அணைத்துவிடுங்கள். ஒரு அக்டோபரில் பெர்தூட் கணவாயில், வெறும் வண்டியில், நால்சக்கர இயக்கம் போடாமல் மஞ்சளிலேயே இறங்கினேன். வளைவில் காலை எடுத்ததும் பின்பக்கம் அரைத் தடம் வழுக்கியது. இந்த விசை பின்சக்கரங்களில் மட்டுமே விழுகிறது; சுமையில்லாத பின்பகுதிக்கு அதைத் தாங்கும் பிடிமானம் இல்லை. பயனர் கையேட்டில் எச்சரிக்கை இருக்கத்தான் செய்கிறது. நான் அப்போது படித்திருக்கவில்லை.

குளிர்காலக் காலையில், வண்டி நிற்கும்போது எஞ்சின் விரைவாகச் சூடேறவும் இதைப் போட்டு வைக்கிறேன். அடிக்கடி பயன்படுத்தினால் டர்போ வளையத்தில் கரி ஒட்டாமல் அசைந்துகொண்டிருக்கும் என்பதும் ஒரு நன்மை.

முன்சக்கர பிரேக் பேட்களை 1,18,000 மைலில் நானே மாற்றினேன். கழற்றியவற்றை அளவுகோலில் வைத்தபோது இன்னும் நான்கு மில்லிமீட்டர் மிச்சமிருந்தது. முந்தைய வண்டியில் 40,000 மைலுக்கு ஒரு செட் போய்க்கொண்டிருந்தது.