மனநலப் பதிவேட்டு மென்பொருள்: பத்து மாதப் பயன்பாட்டிற்குப் பின்

கும்பகோணத்தை அடுத்துள்ள எங்கள் சிறிய மனநலச் சிகிச்சை மையத்தில், நோயாளி அட்டைகளை மூட்டை கட்டிவிட்டு இந்த மென்பொருளுக்கு மாறிப் பத்து மாதங்களாகின்றன. மருத்துவரின் திரையில் பெரிய குறையில்லை. பழைய மருந்துச் சீட்டு உடனே கிடைக்கிறது. மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மருந்தை உட்கொள்பவருக்கு இரத்தப் பரிசோதனை நாள் நெருங்கினால் நினைவூட்டுகிறது. மாதக் கடைசியில் அறிக்கை எடுப்பது என் பொறுப்பு. சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

நோயின் பெயரை அவரவர் விருப்பப்படி தட்டச்சு செய்ய இம்மென்பொருள் அனுமதிக்கிறது. ஒரு மருத்துவர் 'மனச்சோர்வு' என்றும், மற்றவர் 'டிப்ரஷன்' என்றும், வாரம் ஒருமுறை வருபவர் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-10இல் அதே நோய்க்குரிய குறியீடான 'எஃப்32' என்றும் எழுத, அறிக்கை அவற்றை மூன்று நோய்களாக எண்ணிக் காட்டுகிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அடுத்த பதிப்பான ஐசிடி-11இன் குறியீடுகள் இதில் இல்லவே இல்லை.

இதைவிடக் கவலைக்குரியது வெற்றிடத்தைச் சுழியமாகக் கொள்ளும் வழக்கம். மனச்சோர்வின் அளவை அறிய உதவும் பிஎச்கியூ-9 வினாத்தாளில் ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. நடவு வேலைக்குச் செல்லும் ஓர் அம்மா எட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்வி வந்ததும், அருகில் நின்ற மகனை ஒருமுறை பார்த்துவிட்டு, "அத விடுங்க தம்பி" என்றார். நான் அந்த இடத்தைக் காலியாக விட்டேன். மென்பொருளோ அதற்குச் சுழியம் இட்டு, மொத்தம் 9, 'லேசான மனச்சோர்வு' என்று அச்சடித்தது. பதில் சொல்லாததும் 'இல்லை' என்பதும் ஒன்றாகுமா?

முப்பது நாள் வராதவரை அது 'சிகிச்சையைக் கைவிட்டவர்' எனக் குறிக்கிறது. தை மாதச் சம்பா அறுவடையின்போது அந்தப் பட்டியல் நீண்டது. அதிலிருந்த பலர் மாசியில் வந்துவிட்டார்கள். காரணம் எழுத ஓர் இடம் இருந்திருந்தால் போதும். குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்பதும் நம் ஊருக்கு ஒவ்வாதது: திருமணத்துக்கு முன் அப்பாவின் முன்னெழுத்தோடும் பின் கணவரின் முன்னெழுத்தோடும் பதிவான ஒரே பெண் இரண்டு பேராகிவிடுகிறார். அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாளமான 14 இலக்க ஆபா எண் இருந்தால் தப்பிக்கலாம். எல்லோரும் அதைக் கொண்டுவருவதில்லை.

எக்செல் கோப்பாக எடுத்தால் பெயரும் கைபேசி எண்ணும் சேர்ந்தே வருகின்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் இரகசியத்தை உரிமையாக்கியிருக்க, அந்த நெடுவரிசைகளை மாதந்தோறும் நான் கையால் நீக்கிக்கொண்டிருக்கிறேன்.

சேவைப் பிரிவினர் தமிழில் பொறுமையாகப் பேசுகிறார்கள். ஆறாவது மாதத்தில் வினாத்தாள் குறையைச் சரிசெய்து, '8/9 பதில்கள்' என்று காட்டவும் செய்தார்கள். நோய்ப் பெயர்ப் பட்டியல் மட்டும் இன்றுவரை 'அடுத்த பதிப்பில்'தான் இருக்கிறது.

வாங்க நினைப்பவர்கள், செயல்விளக்கத்தின்போதே ஒரே நோயை மூன்று விதமாக எழுதி, ஒரு கேள்வியைக் காலியாக விட்டு, கண்ணெதிரே அறிக்கை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். முன்பணம் அதற்குப் பிறகு.