பிளட் பவுல் நார்ஸ் அணி: பிளாக் மலிவு, கவசம் மெலிவு

பிளட் பவுல் என்பது கற்பனை இனங்களின் அணிகள் அமெரிக்கக் கால்பந்து பாணியில் மோதும் பகடைப் பலகை விளையாட்டு. அதற்குப் புதிதாக வருகிறவர்களிடம் "நார்ஸ் எடுங்க, எல்லார்கிட்டயும் பிளாக் இருக்கு" என்று சொல்வது பழைய பழக்கம். (நார்ஸ் என்பது வைக்கிங் அணி. பிளாக் என்பது அடிதடியில் தானே விழாமல் காக்கும் திறன்.) அது பழைய வீரர் பட்டியலுக்கு ஏறக்குறைய சரி. விளையாட்டைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2022-ல் நார்ஸ்கா ராம்பேஜர்ஸ் பெட்டியோடு கொடுத்த பட்டியலில் பிளாக் இருப்பது சாதாரண வீரர்களான லைன்மேன்களிடமும் பெர்சர்க்கர்களிடமும் மட்டும்தான். பந்தைக் கையாளும் வால்கிரிக்கு இல்லை, ஓநாய் மனிதன் உல்ஃப்வெரனருக்கு இல்லை, பனிமனிதன் யெட்டிக்கும் இல்லை. இந்த அணியை எடுத்துத் தோற்கிறவர்கள் பெரும்பாலும் இதை மறந்துதான் தோற்கிறார்கள். (இங்கே வரும் விலை, திறன், கணக்கெல்லாம் 2020 பதிப்பு விதிப்படி.)

விலைக்கு மிஞ்சிய சரக்கு லைன்மேன்தான். 50,000 பொற்காசுக்கு மனிதர் அணியில் ஒரு திறனும் இல்லாத ஆள் கிடைப்பான். நார்ஸில் அதே காசுக்கு பிளாக், திக் ஸ்கல் (எளிதில் மயங்கிவிடாத மண்டை) இரண்டும் வருகின்றன. பிளாக் இல்லாதவன் ஒற்றைப் பகடையில் அடித்தால் மூன்றில் ஒரு தடவை தானே விழுவான். இருந்தால் ஆறில் ஒரு தடவை. இரண்டு பகடையில் வித்தியாசம் இன்னும் பெரிது: 9-ல் ஒன்று எதிராக 36-ல் ஒன்று. ரீரோலை, அதாவது பகடையை மறுபடி உருட்டும் உரிமையை, தொடாமலே ஒரு டர்னில் நாலைந்து அடி போடலாம்.

மறுபக்கம், மனிதனின் கவசம் 9+ (இரண்டு பகடையின் கூட்டு 9 அல்லது அதற்கு மேல் வந்தால் உடையும்), நார்ஸின் கவசம் 8+. விழுந்தால் உடையும் வாய்ப்பு 36-ல் 10-லிருந்து 15-ஆக ஏறுகிறது. அதனால் இந்த அணி அடி வாங்கிக்கொண்டு நிற்கக் கூடாது, முதலில் அடிக்க வேண்டும். டர்ன் முடியும்போது எதிராளியை ஒட்டி நிற்கும் ஆட்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இன்னொன்று, லைன்மேனுக்கு ட்ரங்கர்டு (குடிகாரன்) என்ற குறை உண்டு. ரஷ், அதாவது வேகத்துக்கு மேல் ஒரு கட்டம் கூடுதலாக ஓட வேண்டிய உருட்டல், 2+ அல்ல, 3+. பனிப்புயல் வந்தால் 4+. வைக்கிங்குகளே பனியில் வழுக்கி விழுவதுதான் இந்தப் பட்டியலின் சிறந்த நகைச்சுவை! ஓடவேண்டிய வேலையை வேகம் 7 உள்ள வால்கிரிக்குக் கொடுங்கள்.

உல்ஃப்வெரனர் 1,05,000. பலம் 4, கவசம் 9+, ஃப்ரென்ஸி. ஆழம் பார்க்காமல் காலை விடுகிற ஆள் இவன். பலம் 3 உள்ளவனைத் தனியாக அடித்தால் இரண்டு பகடை. ஃப்ரென்ஸி இருப்பதால், எதிராளி விழாமல் தள்ளப்பட்டால் பின்தொடர்ந்து மறுபடி அடித்தே தீர வேண்டும். புதிய கட்டத்தில் எதிராளிக்குப் பக்கத்தில் நிற்கும் தோழரால் ஒரு உதவி கிடைத்தால் ஒற்றைப் பகடை. இரண்டு கிடைத்தால் இரண்டு பகடை, தேர்வு அவர் கையில். ஆகவே அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது நிற்கும் கட்டத்தை அல்ல, போய்ச் சேரும் கட்டத்தை. ஓரக்கோட்டை ஒட்டியும் இதே வம்புதான்: எதிராளியை மைதானத்துக்கு வெளியே பார்வையாளர் கூட்டத்துக்குள் தள்ளப் போய், தள்ளாமல் ஓரத்தில் நின்றுவிட்டால் அடுத்து கூட்டத்தில் விழுவது நீங்கள். அங்கே கவசத்துக்கு உருட்டல் கிடையாது, நேரே காயம். முதல் 6 அனுபவப் புள்ளி சேர்ந்ததும் யோசிக்காமல் பிளாக் வாங்குங்கள். எம்விபி (ஆட்ட நாயகன்) 4, ஒரு கேஷுவல்டி (எதிராளியைப் படுகாயப்படுத்துவது) 2, அவ்வளவுதான்.

வால்கிரி 95,000. டான்ட்லெஸ் (பலசாலியையும் துணிந்து அடிக்க), ஸ்ட்ரிப் பால் (பந்தைத் தட்டிப் பறிக்க), கேட்ச், பாஸ் என்று பார்க்க அழகான வரிசை. ஆனால் பந்தை எடுப்பது 3+. தவறினால் மறுபடி எடுக்க உருட்டத் தரும் ஷ்யூர் ஹேண்ட்ஸ் இல்லை, பிளாக்கும் இல்லை. எனக்கு இதில் குறைதான். ஒருத்திக்கு முதல் திறன் ஷ்யூர் ஹேண்ட்ஸ், மற்றவளுக்கு பிளாக். அதுவரை பந்தெடுக்க ஒரு ரீரோலை ஒதுக்கியே வையுங்கள். இரண்டு வால்கிரி இருந்தும் இந்த அணிக்கு நீளப் பாஸ் ஆட்டம் ஒத்துவராது.

பெர்சர்க்கரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிளாக், ஃப்ரென்ஸி, ஜம்ப் அப் (விழுந்தால் சட்டென எழுவது). 90,000-க்கு இரண்டு பேரையும் வாங்கிவிடுங்கள்.

முதுகில் பீப்பாய் சுமக்கும் பன்றி, பியர் போர், 20,000. எதிராளியின் டர்ன் முடிவில், நிற்கும் பன்றியிலிருந்து மூன்று கட்டத்துக்குள் விழுந்து கிடக்கும் ஒவ்வொருவருக்கும் உருட்டலாம். 5+ வந்தால் எழுந்துவிடுவான். கவிழ்ந்து ஸ்டன் ஆனவனுக்கு இது உதவாது. பன்றியின் பலம் 1, கவசம் 6+, ஆகவே கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால் அதுதான் முதலில் போகும். முன்வரிசைக்கு இரண்டு கட்டம் பின்னால் வையுங்கள். பதினொருவரில் அதுவும் ஒன்று என்பதால் ஒரு பன்றி போதும், அதுவும் மூன்றாவது ரீரோல் வாங்கிய பிறகு.

10 லட்சத்துக்கு என் பரிந்துரை: உல்ஃப்வெரனர் 2, பெர்சர்க்கர் 2, வால்கிரி 2, லைன்மேன் 5, ரீரோல் 2, வைத்தியர் 1. கச்சிதமாகக் காசு தீரும். யெட்டிக்கு 1,40,000 கொடுக்க இப்போது தேவையில்லை. குள்ளர்களின் 10+ கவசத்தை அவன் நகம் 8+ ஆக்கும் என்பது உண்மை. ஆனால் லோனர் (தனியன்) என்ற குறை இருப்பதால் ரீரோல் பாதி நேரம் வீண், தொடக்க அணியில் இருப்பதே இரண்டு.

பெட்டியில் 14 பொம்மைகள். ஒரே அச்சு இரண்டு என்பதால் ஒவ்வொரு நிலையும் ஜோடியாகவே வரும். முடியும் தோலும் ஆழமாகச் செதுக்கியிருக்கிறார்கள், வாஷ் (நீர்த்த பெயின்ட்) ஒரு தடவை ஓட்டினாலே எடுபடுகிறது. மேசைமேல் இரண்டு பெர்சர்க்கர்களையும் பிரித்தறிய அடித்தட்டில் எண் எழுதுங்கள், இல்லாவிட்டால் யாரிடம் என்ன திறன் என்று ஆட்டம் முழுக்கச் சண்டை. யெட்டி தனியாகத்தான் வாங்க வேண்டும். லைன்மேன் ஆறு பேர்தான் இருக்கிறார்கள். லீக்கில் முதலில் சாகிறவர்களும் அவர்களே. ஏழாவது ஆளுக்கு வேறொரு வைக்கிங் பொம்மையைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.