சாவியில்லாப் பூட்டுக்கு 210 வழிகள்

முரசுமோட்டையில், வயற்கரையில் இருக்கும் எங்கள் சாமான் அறைக்குச் சாவிப் பூட்டு ஒத்துவரவில்லை. சிறுபோகத்தில் எங்கள் முறைத் தண்ணீர் சில நாள் நள்ளிரவில்தான் வரும். மண்வெட்டி அறைக்குள்ளே இருக்கும், சாவி அண்ணன் வீட்டில் இருக்கும். அதனால்தான் கிளிநொச்சி நகரில், ஏ9 வீதியோர இரும்புக்கடை ஒன்றில் இந்தப் பொத்தான் பூட்டை வாங்கினேன். மின்கலம் வேண்டாம், சாவி வேண்டாம். பத்து இலக்கப் பொத்தான்கள். அவற்றோடு முயற்சியை அழித்துவிட்டு மீண்டும் தொடங்க ஒரு பொத்தான்.

மூன்று மாதமாக மழையிலும் வெயிலிலும் ஒருநாள்கூடச் சிக்கியதில்லை. பிடியும் உறுதியானது.

பெட்டியில் அச்சிட்டிருந்த ஒரு வரிதான் என்னைக் கோபப்படுத்தியது. நான்கு இலக்க எண் வைத்தால் 10,000 வழிகளாம். ஒருநாள் இருட்டில் தம்பி எண்ணைத் தலைகீழாக அழுத்த, கதவு திறந்துவிட்டது! உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் மகள் அன்றிரவே கொப்பியை எடுத்தாள். "அம்மா, இது வரிசைமாற்றம் இல்லை, சேர்மானம்" என்றாள். அதாவது எந்த வரிசையில் அழுத்துகிறோம் என்பது கணக்கில்லை, எந்தப் பொத்தான்களை அழுத்துகிறோம் என்பதே கணக்கு.

ஒரே பொத்தானை இரண்டாம் முறை அழுத்தினாலும் இந்தப் பூட்டு அதைக் கணக்கில் எடுக்காது. ஆகவே 10,000 வழிகள் முதலில் 10×9×8×7, அதாவது 5,040 ஆகக் குறைகின்றன. எந்த வரிசையில் அழுத்தினாலும் திறப்பதால் 2579, 9752 எல்லாம் ஒன்றே. நான்கு இலக்கங்களை 24 விதமாக அடுக்கலாம். 5,040ஐ 24ஆல் வகுத்தால் 210தான் மிஞ்சும். ஒரு முயற்சிக்கு எட்டு விநாடி என்றால் 28 நிமிடத்தில் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்துவிடலாம். ஐந்து இலக்கம் வைத்தால் 252 வழிகள். ஆறு வைத்தால் கூடும் என்று நினைத்தேன். மறுபடியும் அதே 210தான். ஆறு பொத்தான்களைத் தெரிவதும் விடவேண்டிய நான்கைத் தெரிவதும் ஒன்றுதானே. எத்தனை இலக்கம் என்பதே தெரியாதவன் 1,023 வழிகளைத் தேட வேண்டியிருக்கும். அதனால் எண்ணைப் போலவே அதன் நீளத்தையும் வெளியே சொல்லாதீர்கள்.

வயல்காரர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து விரலில் இருக்கிறது. சேற்றுக் கையோடு திறந்தால் நான்கு பொத்தான்களில் மட்டும் சேறு ஒட்டும். வரிசை பார்க்கும் பூட்டென்றால் திருடனுக்கு இன்னும் 24 வழிகள் மிஞ்சியிருக்கும். இந்தப் பூட்டிலோ ஒரே முயற்சிதான்! கதவோரம் ஒரு பழந்துணியைத் தொங்கவிட்டிருக்கிறேன். திறந்தவர் பத்துப் பொத்தான்களையும் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

மண்வெட்டியும் மருந்து தெளிக்கும் கருவியும் வைக்கும் அறைக்கு இதைத் தாராளமாக வாங்கலாம். விதைநெல்லை நான் வீட்டுக்கு மாற்றிவிட்டேன். எண்ணை மாற்றுவதற்குப் பூட்டைக் கழற்றி, உள்ளிருக்கும் நிறம் பூசிய ஊசிகளை இடுக்கியால் இடம் மாற்ற வேண்டும். அரை மணி நேரமாவது எடுக்கும். மேலதிக ஊசி ஒன்று பெட்டியிலேயே இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டு ஐந்து இலக்கமாக்கப் போகிறோம்.