65-ஆம் லைனில் யார்? சிஸ்கோ 2611-உடன் ஆறு வருடம்

எங்கள் லேபில் ஒரு பழைய சிஸ்கோ 2611 ரவுட்டர் இருக்கிறது. ஆறு வருடமாக அதற்கு ஒரே வேலைதான்: மற்ற ரவுட்டர், ஸ்விட்சுகளின் கன்சோலுக்குள், அதாவது நேரடியாகக் கட்டளை கொடுக்கும் போர்ட்டுக்குள், நுழைய வாசலாக இருப்பது. பின்பக்கம் ஸ்லாட் 1-இல் என்எம்-32ஏ கார்டு. அதிலிருந்து நாலு ஆக்டல் கேபிள், ஒவ்வொன்றுக்கும் எட்டு வால். மொத்தம் 32 போர்ட்.

சாதனம் படுத்தியதே இல்லை. என்னைப் படுத்தியது எண்கள். கார்டின் கணக்கில் போர்ட்டுகள் 0 முதல் 31 வரை. ரவுட்டர் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 'லைன்' என்று தன் எண் ஒன்று தரும்; அந்தக் கணக்கில் அவையே லைன் 33 முதல் 64 வரை. ஸ்லாட் எண்ணை 32-ஆல் பெருக்கி, போர்ட் எண்ணைக் கூட்டி, மேலே ஒன்று சேர்க்க வேண்டும். லைன் 0 கன்சோலுக்குப் போய்விடுவதால் அந்த ஒன்று. ஸ்லாட் காலியாக இருந்தாலும் அதற்குரிய 32 எண்களையும் ரவுட்டர் வேறு யாருக்கும் தராது. வராத விருந்தாளிக்கும் இலை போட்டு வைக்கிற வீடு! நெட்வொர்க் வழியாக டெல்நெட்டில் அந்த லைனுக்குப் போக, லைன் எண்ணுடன் 2000 கூட்டி டெல்நெட் போர்ட் எண்ணாகக் கொடுக்க வேண்டும். லைன் 33 என்றால் 2033.

இந்தக் கார்டு முன்பு 3640 என்ற இன்னொரு சிஸ்கோ ரவுட்டரில், ஸ்லாட் 2-இல் இருந்தது. அங்கே அதன் முதல் போர்ட் லைன் 65. 3640-க்கு ஓய்வு கொடுத்தபோது கார்டை மாற்றிவிட்டு, எந்தப் பெயருக்கு எந்த ஐபி, எந்த டெல்நெட் போர்ட் என்று சொல்லும் பழைய 'ஐபி ஹோஸ்ட்' பட்டியலில் ஐபியை மட்டும் திருத்தி ஒட்டினேன். முதல் ஸ்விட்சுக்கு 2065. 'ஓப்பன்' என்று வந்தது. என்டர் தட்டினால் பதில் இல்லை. கேபிளை மாற்றினேன், வேகத்தை 9600-ஆ என்று பார்த்தேன், ஸ்விட்சையே சந்தேகப்பட்டேன். ஒரு சாயங்காலம் முழுக்க ஓடிவிட்டது. கடைசியில் ஏதோ தோன்றி 'ஏடி' என்று அடித்தேன். 'ஓகே' என்று வந்தது.

'ஏடி'-க்கு 'ஓகே' சொல்வது மோடம்; ஸ்விட்ச் அப்படிப் பேசாது. 2611-இல் 65 என்பது ஆக்ஸ், அதாவது ரவுட்டரிலேயே இருக்கும் துணை போர்ட். நெட்வொர்க் படுத்தால் டயல் செய்து உள்ளே வர அதில் ஒரு மோடம் மாட்டியிருந்தேன். 3640-இல் ஆக்ஸ் 129 என்பதால் இந்த மோதல் அங்கே வந்ததே இல்லை.

அந்த மோடம் இருக்கும் ஒரே துளைக்கு நாலு பெயர். தகட்டில் ஆக்ஸ். வேகம், மோடம் அமைப்புக்கு 'லைன் ஆக்ஸ் 0'. ஐபி, பிபிபி (டயல் இணைப்பில் ஐபி போக உதவும் நெறிமுறை) கொடுக்க 'இன்டர்ஃபேஸ் அசிங்க் 65'. வெளியிலிருந்து 2065. லைனில் எழுத வேண்டியதை இன்டர்ஃபேஸில் எழுதிவிட்டு முழித்த நாட்களும் உண்டு.

புதிய ரவுட்டர்களில் லைனை 0/1/0 என்று ஸ்லாட் வாரியாகவே எழுதலாம், நல்ல விஷயம்தான். ஆனால் டெல்நெட் போர்ட்டுக்கு அங்கேயும், லைன்களைப் பட்டியலிடும் 'ஷோ லைன்' கட்டளை காட்டும் எண்தான் அடிப்படை. அதனால் கார்டைத் தொட்டால் நான் முதலில் அடிப்பது 'ஷோ லைன்'. கேபிள் வால்களில் ஒட்டியிருந்த 65, 66 ஸ்டிக்கர்களை உரித்துவிட்டு, ஸ்விட்சின் பெயரை எழுதி ஒட்டிவிட்டேன்.